பழனிமலைப் பாசிகளும் காகித நுண்ணோக்கியும்: ஃபோல்ட்ஸ்கோப் பற்றி ஒரு தாவரவியல் ஆசிரியையின் மதிப்புரை

சுவரிலும் பாறையிலும் பச்சை மெத்தையாக வளரும் மாஸ் என்ற சிறு செடிகளைத்தான் இங்கே பாசி என்கிறேன், குளத்துப் பாசியை அல்ல. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஒரு செல் தடிமன்தான். மா இலையையோ செம்பருத்தி இலையையோ அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் கருத்த பச்சை தவிர ஒன்றும் தெரியாது. பிளேடால் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, அதற்குப் பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும். பாசிக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. ஓர் இலையைப் பிய்த்து ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரியும். செல்லுக்குள் பச்சையக் கணிகங்கள் உருண்டை உருண்டையாகக் கிடப்பதும் தெரியும். அதனால்தான் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியை, வேறு எதற்கு எப்படியோ, பாசிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை என்று சொல்வேன்.

வத்தலக்குண்டுப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். பிரையோஃபைட்டுகள் (பாசியும் அதன் உறவுச் செடிகளும்) பாடம் வரும்போது கரும்பலகையில் ஃபியுனேரியா என்ற பாசியை வரைந்து பாகம் குறிப்பேன். பிள்ளைகளும் அச்சுப் பிசகாமல் நோட்டில் வரைந்துவிடுவார்கள். அதே பிள்ளைகள் தினமும் சாய்ந்து நிற்கிற சுற்றுச்சுவரில் ஐப்பசி மழைக்குப் பிறகு பச்சைப் பசேலென்று பாசி நிற்கும். அதற்கும் பாடத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தக் கருவியை நான் தேடிப் போனதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் என் சொந்த ஆசை. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் பழனிமலைத் தொடரில் ஏறும் கொடைக்கானல் மலைப்பாதை. சமவெளியின் வறட்சியிலிருந்து 7000 அடி உயரத்துச் சோலைக்காட்டின் ஈரம் வரைக்கும் ஒரே சாலையில் ஏறிவிடலாம். பாசி பார்ப்பவருக்கு இப்படி ஒரு சாலை அமைவது பெரிய கொடுப்பினை.

கருவியைப் பற்றி முதலில். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ், ஜிம் சிபுல்ஸ்கி ஆகியோரின் குழு உருவாக்கியது. 2014இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். பாகங்களின் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார்கள். மனு பிரகாஷ் உத்தரப் பிரதேசத்து மீரட்டில் பிறந்தவர். நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அவர்கள் குழுவோடு சேர்ந்து, இதைப் பள்ளி கல்லூரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் ஒன்றை நடத்தியது. தண்ணீர் பட்டால் ஊறாத தாளை அச்சிட்ட கோடுகளில் மடித்துக் கோத்தால் நுண்ணோக்கி தயார். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குண்டு இருக்கும். லென்ஸ் அவ்வளவுதான். உருப்பெருக்கம் 140 மடங்கு; ஏறக்குறைய 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். பதினேழாம் நூற்றாண்டில் லீவன்ஹூக் பாக்டீரியாவைக் கண்டதும் இப்படி ஒற்றை லென்ஸ் வைத்துத்தான் என்பதை நினைத்துக்கொண்டால் காகிதம்தானே என்று யாரும் இளக்காரமாகப் பார்க்கமாட்டார்கள். கண்ணில் ஒட்டி வைத்தும் பார்க்கலாம், காந்த வளையத்தால் கைப்பேசிக் கேமராவில் பொருத்தியும் பார்க்கலாம். சாதாரணக் கண்ணாடி ஸ்லைடையே செருகலாம் என்பது எனக்குப் பெரிய வசதி; பள்ளி ஆய்வகத்து ஸ்லைடை அப்படியே இதிலும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் இதை மட்டும் வாங்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள். முன்னால் கழுத்தில் ஒரு கைலென்ஸ் தொங்க வேண்டும், 10 மடங்கு பெரிதாக்குவது. பாசி நிமிர்ந்து நிற்கிறதா, படர்ந்து ஓடுகிறதா? காப்சூல், அதாவது வித்துப் பெட்டி, தண்டின் நுனியில் வருகிறதா, பக்கத்திலிருந்து கிளம்புகிறதா? இலைக்கு நடுநரம்பு உண்டா? காய்ந்தால் இலை சுருள்கிறதா, தண்டோடு ஒட்டிக்கொள்கிறதா? ஒரு பாசியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்கு மேல் இவைதான். இத்தனைக்கும் பதில் சொல்வது கைலென்ஸ். 140 மடங்கில் போனவுடன் செடியே மறைந்து செல்கள் மட்டும் மிஞ்சும். எந்தச் செடியின் செல் என்று தெரியாமல் செல்லைப் பார்த்து ஆவதென்ன?

லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். இணையத்தில் '40 மடங்கு' என்று முத்திரை குத்தி, ஓர் அங்குல அகலக் கண்ணாடியும் குட்டி விளக்கும் வைத்து மலிவாக விற்கிறார்கள். அது 40 ஆக இருக்கவே முடியாது. தெளிவாகத் தெரியும்படி பொருளை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்று மில்லிமீட்டர் ஸ்கேலால் அளந்து, 250ஐ அந்த எண்ணால் வகுத்தால் லென்ஸின் உண்மையான சக்தி கிட்டத்தட்ட வந்துவிடும். 25 மில்லிமீட்டர் என்றால் 10 மடங்கு. நிஜமாகவே 40 என்றால் பொருள் 6 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு அகலக் கண்ணாடியில் அது நடக்காது. நான் கையில் எடுத்துப் பார்த்த ஒன்று, அளந்தால் 10ஐத் தாண்டவில்லை. ஓரமெல்லாம் வானவில் நிறம் வேறு. மூன்று கண்ணாடி ஒட்டிய 'டிரிப்லெட்' வகையில் நேர்மையான 10 மடங்கு லென்ஸ் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பாசியை லென்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். பாசிக்கு மேலே லென்ஸைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கே பாதிப் பாடம் முடிந்தது.

மலைப்பாதையில் இரண்டு கருவியும் எப்படி வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று நாலைந்து பாசிகளை வைத்துச் சொல்கிறேன்.

சாலையோரச் சிமெண்ட் கட்டையில் வெள்ளி பூசினாற்போல் ஒரு பாசி இருக்கும். பிரையம் அர்ஜென்டியம். உலகம் முழுக்க உண்டு, அண்டார்க்டிகாவில்கூட. கைலென்ஸில் பார்த்தால் சின்னச் சின்ன வெள்ளிக் கூம்புகள். ஏன் இந்த வெள்ளி? ஃபோல்ட்ஸ்கோப்பில் ஓர் இலையை வைத்தவுடன் பதில் கிடைத்துவிடும். இலையின் கீழ்ப்பாதிச் செல்களில் பச்சையம் இருக்கிறது, மேல்பாதிச் செல்கள் வெறுமையாகக் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. எங்கே பச்சை முடிகிறது, எங்கே வெறுமை தொடங்குகிறது என்று செல் செல்லாக எண்ணலாம். இந்தக் காட்சி ஒன்றுக்காகவே கருவிக்குக் கொடுத்த காசு தகும்.

மண் சரிவுகளில் தட்டையாக, ஒரு சிறு இறகுபோல இரண்டே வரிசையில் இலை அடுக்கியிருப்பது ஃபிஸ்ஸிடென்ஸ். பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் குழுவை, கைலென்ஸே சொல்லிவிடும். எந்த இனம் என்று போகும்போதுதான் காகித நுண்ணோக்கி வேண்டும். இலையின் அடிப்பாகம் இரட்டையாகி ஒரு பை போலத் தண்டைப் பிடித்திருக்கும். அந்தப் பை இலையில் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இலை விளிம்பில் நீண்ட, ஒடுங்கிய செல்களால் கரை கட்டியிருக்கிறதா, இருந்தால் நுனி வரை போகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். 140 மடங்கில் இவை எல்லாமே சந்தேகமில்லாமல் தெரிகின்றன.

எங்கள் பள்ளிச் சுவரில் வருவது ஹையோஃபிலா. வெயிலில் இலைகளை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு கருத்துக் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே நட்சத்திரமாக விரியும். கைலென்ஸில் இதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் பாசியை மறுபடி அழுக்கு என்று சொன்னதில்லை. இதன் இலைச் செல்கள் மிகச் சிறியவை, பலவும் 10 மைக்ரானுக்கும் கீழே. செல் இருப்பது ஃபோல்ட்ஸ்கோப்பில் தெரிகிறது. செல்லின் மேல்பரப்பு வழவழப்பா, முண்டு முண்டாக இருக்கிறதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இலையை மடித்து, மடிப்பின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். தூயிடியம் போன்ற பாசிகளில் இந்த உத்தி நன்றாகவே கைகொடுக்கிறது.

இனி ஃபியுனேரியா. சருகோ குப்பையோ எரித்த இடத்தில் முதலில் வந்து குடியேறுகிறவற்றில் இதுவும் ஒன்று. வளைந்த கழுத்தோடு காப்சூல்கள் கூட்டமாக நிற்கும். முதிர்ந்த காப்சூலின் மூடி விழுந்த பிறகு வாயில் வெளிவரிசையில் 16, உள்வரிசையில் 16 பற்கள். புத்தகத்தில் படிப்பது வேறு, மூச்சுக்காற்றை அதன்மேல் ஊதிவிட்டு உடனே லென்ஸில் பார்ப்பது வேறு. "மிஸ், பல்லு அசையுது மிஸ்!" என்று ஒரு பெண் கத்தியதில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். காற்றின் ஈரத்துக்கேற்ப அந்தப் பற்கள் அசைந்துதான் வித்துகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகின்றன. காம்பும் ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்த்துச் சுழலும். இதற்கெல்லாம் கைலென்ஸ் போதும். அதன் இலையையோ காகித நுண்ணோக்கிக்குத்தான் கொடுக்க வேண்டும்: பெரிய, அகலமான செல்கள். முதன்முதலில் நுண்ணோக்கி பிடிக்கிற கைக்கு இதைவிட நல்ல இலை கிடையாது.

எங்கே இந்தக் கருவி நின்றுவிடுகிறது? ஒரு செல் தடிமன் என்ற விதிக்கு விலக்கான பாசிகளிடம். மலைப்பாதையில் வெட்டிய மண்சுவர்களில் குட்டிக் கற்றாழைக் கூட்டம் மாதிரி நிற்கும் போகோனேட்டத்தின் இலையில் மேல்பக்கம் முழுக்க நெட்டுக்குத்தான பச்சை மடிப்புகள் வரிசையாக எழும்பியிருக்கும். ஒவ்வொரு மடிப்பின் உச்சியில் உள்ள செல் எந்த வடிவம் என்பதை வைத்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள். முழு இலையை வைத்தால் இருட்டு. குறுக்கே சீவியே ஆகவேண்டும். ஒரு கேரட் துண்டைப் பிளந்து நடுவில் நனைந்த இலைகளை வைத்து, புதுப் பிளேடால் கேரட்டோடு சேர்த்துச் சீவுவேன். பூம்பாறைப் பக்கத்துக் கேரட் கையில் இருந்தால் இன்னும் நல்லது, நார் இல்லாமல் வழுவழுவென்று வெட்டும். சீவல் நன்றாக விழுந்தால் மடிப்புகளை ஃபோல்ட்ஸ்கோப்பில் பார்த்துவிடலாம், உச்சிச் செல்லின் நுணுக்கத்துக்குப் பள்ளி நுண்ணோக்கியின் 400 மடங்குக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. வெளிறிய பஞ்சு மெத்தையாகத் தெரியும் லூக்கோபிரையமும் இப்படித்தான்: வெறுமையான பெரிய செல்களின் அடுக்குகளுக்கு நடுவில் பச்சைச் செல்கள் ஒளிந்திருக்கும், சீவாமல் தெரியாது.

இன்னொரு குறை, அளவுகோல் இல்லாதது. செல் எத்தனை மைக்ரான் என்று கேட்கும் இடத்தில் வெறும் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளி நுண்ணோக்கியில் மைக்ரோமீட்டர் என்ற நுண் அளவுகோல் வைத்து என் தலைமுடி ஒன்றை அளந்துகொண்டேன். 70 மைக்ரான். அந்த முடியில் ஒரு துண்டை இலைக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் தோராய அளவு கிடைக்கிறது. ஆளுக்கு ஆள் முடியின் தடிமன் மாறும் என்பதால் அவரவர் முடியை அவரவர் அளந்துகொள்ள வேண்டும்.

குவியம் சரிசெய்வது கட்டைவிரல் வேலை. திருகு கிடையாது. தாளைத் துளித்துளியாக நகர்த்திப் பழக வேண்டும். கைப்பேசியில் பொருத்தினால் நடுக்கம் பாதியாகக் குறையும். தண்ணீர்ச் சொட்டு அதிகமானால், செங்குத்தாகப் பிடிக்கும்போது மேலே மூடிய மெல்லிய கண்ணாடி (கவர் ஸ்லிப்) வழுக்கும். ஓரத்தில் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிட்டுச் செருகுங்கள். வெளிச்சத்துக்கு வெள்ளை மேகமோ கைப்பேசி விளக்கோ போதும். சூரியனை நோக்கி மட்டும் எக்காரணம் கொண்டும் பிடிக்கக் கூடாது. பிள்ளைகளிடம் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்.

கூடவே வாங்க வேண்டியவை: கூர்மையான இடுக்கி இரண்டு. நனைந்த தண்டின் நுனியை ஒன்றால் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் இலைகளை மேலிருந்து கீழாக உருவ வேண்டும். அப்போதுதான் இலை அடிப்பாகத்தோடு முழுசாக வரும். பல படரும் பாசிகளில் இலையடி மூலையில் இருக்கும் செல்கள்தான் அடையாளமே. இலை பாதியில் அறுந்தால் அடையாளமும் போச்சு. எந்த விலையுயர்ந்த நுண்ணோக்கியும் அதைத் திருப்பித் தராது.

சேகரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு கருவி கையில் வந்தால் மனம் கண்டதையெல்லாம் பிடுங்கச் சொல்லும். கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. 2013இல் வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவித்தார்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு துணுக்குக்கூட எடுக்கக் கூடாது. சோலைக்குள் கிளைகளிலிருந்து தாடியாகத் தொங்கும் பாசிகளைக் கைலென்ஸில் பார்த்துவிட்டு அப்படியே விட்டு வருகிறேன். நான் எடுப்பது தெரிந்தவர்கள் வீட்டு மதில், தோட்டத்து வரப்பு, பள்ளி வளாகம், அதுவும் உரியவரிடம் கேட்டுவிட்டு. அளவு தீப்பெட்டிக்குள் அடங்க வேண்டும். மீதிப் பாசி அங்கேயே இருந்து பிழைக்கட்டும். ஒரு திட்டு மறுபடி வளரப் பல வருடம் பிடிக்கும்.

எடுத்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஏ4 தாளை மூன்றாக மடித்து, இரு ஓரத்தையும் பின்னால் மடக்கினால் உறை தயார். உறையின் மேல் இடம், உயரம், எதன் மேல் வளர்ந்தது (பாறையா, மண்ணா, மரப்பட்டையா, எந்த மரம்), தேதி, எடுத்தவர் பெயர், வரிசை எண். நிழலில் உலர்த்தினால் போதும். அழுத்த வேண்டாம், மருந்து வேண்டாம். உலர்ந்த பாசியை எத்தனையோ வருடம் கழித்துத் தண்ணீரில் போட்டாலும் இலை பழைய வடிவத்துக்கு விரிந்து வரும். பழனிமலைப் பாசிகளைப் பற்றி நமக்கு இன்று தெரிந்திருப்பதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட காகித உறைகளின் புண்ணியம். கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஃபோரோ இந்த மலையில் ஆண்டுக்கணக்கில் பாசி சேகரித்தார். அவர் அனுப்பியவற்றை இங்கிலாந்தில் டிக்ஸனும் பிரான்சில் போத்தியே த லா வார்தும் ஆராய்ந்து அறிவியலுக்குப் புதிய இனங்களை விவரித்தார்கள்; ஃபோரோயெல்லா என்று ஒரு பேரினத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். பழனிமலைப் பாசிகளைத் தொகுத்து அவர் எழுதிய கட்டுரை 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. எடுத்த இடத்தை எழுதாத உறை ஒன்றை யாரும் அப்படி ஆராய்ந்திருக்க முடியாது. பிள்ளைகளிடம் நான் கறாராக இருப்பது இந்த ஒன்றில்தான்: குறிப்பு எழுதாமல் உறையை மூடினால் வாங்கிக்கொள்ளமாட்டேன்.

கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகளை இதற்கு நம்ப வேண்டாம். பூச்செடிக்கு அவை உதவலாம். பாசியின் பெயர் இலையடியிலும் செல் சுவரிலும் காப்சூலின் பல்லிலும் இருக்கும்போது, மேலிருந்து எடுத்த பச்சைத் திட்டின் படத்தை வைத்து எந்தச் செயலி என்ன சொல்லும்? அதற்குப் பதில் ஃபோல்ட்ஸ்கோப் வழியே மூன்று படம் எடுங்கள்: முழு இலை, இலை நுனி, இலையடி. அதோடு கைலென்ஸ் வழியே செடியின் தோற்றம். இந்த நாலு படமும் உறையும் இருந்தால் பாசி தெரிந்த ஒரு கல்லூரி ஆசிரியரிடம் தயங்காமல் போய்க் கேட்கலாம். பேரினம் வரைக்குமாவது பேச்சு நகரும்.

யார் வாங்கலாம்? பள்ளி ஆசிரியர்கள் கட்டாயம் வாங்குங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே நுண்ணோக்கி, அதன் முன்னால் வரிசை, ஆளுக்கு அரை நிமிடம் என்பதற்குப் பதில் இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்துப் பாருங்கள். மாணவர் நுண்ணோக்கி ஒன்றின் விலையில் இது பல வந்துவிடும். மலை ஏறிப் பாசி பார்க்கத் தொடங்குகிறவர்கள் 10 மடங்கு கைலென்ஸை முதலில் வாங்கி ஒரு மழைக்காலம் பழகுங்கள், அடுத்து இது. போகோனேட்டத்தையும் நுண்ணிய செல் உள்ள சுவர்ப் பாசிகளையும் இன அளவில் பிரித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் 400 மடங்கும் மைக்ரோமீட்டரும் உள்ள மேசை நுண்ணோக்கிக்குப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை இதை வைத்துப் பாதி வழி வந்துவிடலாம். வாங்குவதானால் புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள். மடித்துக் கோத்து, கட்டைவிரல் பழகுவதற்கும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கும் சரியாக இருக்கும். ஐப்பசி முதல் தை வரைதான் மலைப்பாதையில் காப்சூலோடு பாசி பார்க்க நல்ல காலம்.